ரெசின் ஊற்றிய பெட்டி

கீர்த்தி வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிற ரகம். காத்திவாக்கத்தில் அவர்கள் தெருவுக்கே இது தெரிந்த சங்கதி. "வந்துட்டாங்கப்பா பூட்டு இன்ஸ்பெக்டரு" என்று அண்ணன் குமாரவேல் தெருவில் நின்று குரல் கொடுப்பான். அவளுக்கும் சிரிப்பு வரும். அந்தக் கேலியில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தாள். பகலில் ஒரு கண்டெய்னர் யார்டின் கேட்டில் உட்கார்ந்து, வருகிற போகிற பெட்டிகளின் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. ஏற்றிய நம்பரை மறுபடி வாய்விட்டுப் படிப்பாள். பின்னால் நிற்கிற லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். மாலையில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ வகுப்பு. அங்கேயும் அப்படித்தான். ஈயம் உருக்கிச் சால்டர் வைத்த இடம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தும் உருக்கி எடுத்துவிட்டு மறுபடி வைப்பாள்.

அப்படிப்பட்டவள், "நம்ம காருக்கு நானே எலக்ட்ரானிக் இக்னீஷன் பண்றேன்" என்று சொன்னபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் வீடு இல்லை.

அப்பா பொன்ராஜுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கடலுக்குப் போவது நின்று, மீன்பிடிப் போட்டு மச்சான் கைக்குப் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ராயபுரத்தில் டயாலிசிஸ். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும். அப்படியே விட்டால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவார். "கடல்ல மூழ்காதவன், உள்ள ஊறுற தண்ணில மூழ்கப் போறேன்" என்று அவரே சொல்லுவார். ரயில் நிலையத்துப் படி ஏற அவரால் ஆகாது. ஆட்டோ குலுக்கினால் திரும்பி வரும்போது கையில் ஊசி குத்திய இடம் கசிய ஆரம்பித்துவிடும். மிச்சம் இருந்தது அந்தப் பழைய பியட் கார்தான்.

இறால் கொட்டிக் கிடைத்த ஒரு வருஷத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. கரையில் கவிழ்த்துப் போட்ட பைபர் போட்டுகளுக்கு நடுவில் அதுவும் ஒரு போட்டு மாதிரி நிற்கும். பின்சீட்டில் ஏறியிருந்த இறால் வாடை சீட்டு உறையை மாற்றியும் போகவில்லை. குமாரவேல்தான் ஓட்டுவான். "இது பெட்ரோல் குடிக்கல கீர்த்தி. வாய் கொப்புளிச்சித் துப்புது" என்பான். ஓடும்போதாவது பரவாயில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற லாரி வரிசைக்குள் மாட்டிக்கொண்டால், நின்ற இடத்திலேயே டேங்க் இறங்கும். இப்படியே போனால் மூன்று நாளை இரண்டு நாளாக்க வேண்டியதுதான் என்று அம்மா குணசுந்தரி அடுப்படியில் யாரிடமும் இல்லாமல் சொன்னது கீர்த்தியின் காதில் விழுந்தது. அந்த வாரமே அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள்.

"காருக்குள்ள ரெண்டு குட்டிப் பொட்டு கீதும்மா. பாயிண்ட்டுன்னு சொல்லுவாங்க. ஒட்டி ஒட்டிப் பிரியும். பிரியறப்பதான் பிளக்குல பொறி வரும். எல்லா கரண்ட்டும் அந்தப் பொட்டு வழியாவே போறதால அது தீஞ்சி போவுது, பொறி சோம்பிப் பூடுது. பாதி பெட்ரோல் எரியாமயே புகையாப் போவுது."

"நீ இன்னா பண்ணப் போற?"

"பொட்டு சும்மா சைகை காட்டினா போதும். கரண்ட்ட ஒரு டிரான்சிஸ்டர் வெட்டி வுடும். பொறி கொழுத்து வரும். அப்பால பெட்ரோல கொறச்சி வெச்சாலும் வண்டி இழுக்கும்."

"அப்ப அந்த டிரான்சிஸ்டர் தீயாதா?" என்றாள் குணசுந்தரி, மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே.

"சூடாவும். அதுக்குத்தான் அலுமினியப் பொட்டிக்குள்ள வெக்கறேன். காத்துல ஆறிக்கும்."

பக்கவாட்டில் சீப்புப் பல் மாதிரி தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கிற பெட்டி அது. வகுப்பு மேஜையில் நாள் கணக்கில் ஓடவிட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியும் மனசு கேட்காமல், வெளியே ஒரு பிளக் வைத்தாள். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அதைப் பிடுங்கித் திருப்பிச் செருகினால் போதும். பெட்டி விலகிக்கொள்ளும், கார் பழையபடி பாயிண்ட்டில் ஓடும்.

"இன்னாத்துக்கு இது?" என்றான் குமாரவேல்.

"கெட்டுப் போச்சின்னா."

"இன்னும் மாட்டவேல்ல. அதுக்குள்ள கெட்டுப் போவ வெச்சிட்டியா?"

மாட்டிய அன்றைக்குக் கார் ஒரே இழுப்பில் கிளம்பியது. முன்பெல்லாம் இருமி, கனைத்து, கரும்புகை கக்கித்தான் எழுந்திருக்கும். பொறி வருகிற ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைக் கூட்டிவைத்தாள், கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து விடுகிற சின்ன ஜெட் போட்டாள். ராயபுரம் போய்த் திரும்பிய குமாரவேல், பெட்ரோல் முள்ளை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். முள் அவன் எதிர்பார்த்த இடத்துக்கு இறங்கியிருக்கவில்லை. பொன்ராஜ் கதவைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினார்.

"இன்னாடி பண்ண வண்டிய? சத்தமே இல்லாம போவுது. நான்தான் போய் சேந்துட்டேனோன்னு பயந்துகினேன்."

அன்று இரவு அம்மா மூன்று நாளை இரண்டாக்குகிற பேச்சை எடுக்கவில்லை. அதற்கப்புறமும் எடுக்கவில்லை.

காத்திவாக்கத்தில் எந்த இரும்பும் அதிக நாள் இரும்பாக இருப்பதில்லை. ஒரு பக்கம் கடலின் உப்பு. இன்னொரு பக்கம் வள்ளூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் சாம்பல். காற்று திரும்பினால் மணலி ஆலைகளிலிருந்து ஒரு புளித்த நெடி. பெட்டியின் முனைகளில் பச்சை பூத்தது. ஒருநாள் காலையில் கார் கிளம்ப மறுத்தது. கீர்த்தி சுரண்டித் துடைத்தாள், கிளம்பியது. சில நாளில் மறுபடி பூத்தது.

"இத்த இப்டித் தொறந்து வுட்டா உப்பு தின்னுரும்" என்றான் குமாரவேல். "ரெசின் ஊத்திரு."

ஊற்றினால் கல்லாக இறுகுகிற அந்தப் பிசின்தான் கரையில் எல்லாவற்றுக்கும் வைத்தியம். போட்டில் ஓட்டை விழுந்தால் ரெசின். விளக்கு ஒயர் இணைகிற இடம், சுவிட்ச், ஜி.பி.எஸ். பெட்டியின் அடிப்பக்கம் என்று தண்ணீர் நுழையக்கூடிய எதையும் ரெசினில் முக்கி எடுத்துவிடுவார்கள். உப்பு அதைத் தொடாது. அப்பாவின் போட்டில் அப்படி அடைத்த ஒயர்கள் போட்டைவிட அதிக நாள் உழைத்திருக்கின்றன. கீர்த்திக்கும் அது நியாயமாகவே பட்டது. தகடுகள் மட்டும்தான் உறுத்தின.

"சூடு எங்கண்ணே போவும்?"

"வந்துட்டாங்கப்பா பூட்டு இன்ஸ்பெக்டரு."

"இல்லண்ணே, நெஜமாத்தான் கேக்கறேன்."

"போட்டுல இன்ஜின் பக்கத்துலயே பொட்டி கீது. ரெசின்லதான் கீது. எந்தக் காலத்துல செத்துது? நைனா, நீயே சொல்லு."

பொன்ராஜ் வீங்கிய காலை நாற்காலிமேல் நீட்டியபடி, "சாவல" என்றார்.

போட்டில் இருக்கிற பெட்டி வெறும் சுவிட்ச். அதில் ஓடுகிற கரண்ட் கொஞ்சம். சுற்றிலும் கடல் காற்று. இவ்வளவும் அவள் தலையில் ஒரு ஓரமாக வந்துவிட்டுப் போனது. சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் தலையில்தான் எப்போதும் ஏதாவது ஒன்று வந்துவிட்டுப் போகுமே. எத்தனையோ தடவை பாதி வழியிலிருந்து திரும்பி ஓடிவந்து பார்த்திருக்கிறாள், ஒருதடவைகூடப் பூட்டு திறந்து கிடந்ததில்லை. இதுவும் அந்தப் பயந்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

போட்டுக்கு அடிக்கிற நீல நிறம் கலந்த ரெசின். ஹார்டனரைச் சொட்டவிட்டுக் கலக்கி, பெட்டி நிறைய ஊற்றினாள். தகடுகளின் இடுக்குகளையும் உப்பு விடாது என்று, மேலே பூசி மூடினாள். இறுகும்போது ரெசின் சுடும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பெட்டியை உள்ளங்கையில் ஏந்தியபோது, காய்ச்சல்கார உடம்பைத் தொட்டது போல இருந்தது. அந்தச் சூடு அடங்க வெகுநேரம் பிடித்தது. வெளியே ஆறிய பிறகும் உள்ளே எங்கேயோ மிச்சம் இருந்தது.

டின்னில் மீந்த ரெசினைக் குமாரவேல் வீணாக்கவில்லை. காரில் பெட்டியை மாட்டியதும் அதில் ஹார்டனர் கலந்து, அவள் வைத்திருந்த திருப்பிச் செருகும் பிளக்கின் மேலும் தடவி மூடினான். கீர்த்தி கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது அது நீலக் கல்லாக இறுகிக்கொண்டிருந்தது.

"இதுல எதுக்குண்ணே?"

"இதுலயுந்தான் உப்பு ஏறும். இனிமே ஜென்மத்துக்கும் தொட வேணாம்."

அவள் அது இறுகி முடிகிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள். கடற்கரையில் காரை நிறுத்தியபடியே அன்று வெகுநேரம் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தாள். கடல் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. இன்ஜின் ஒரு துடிப்புகூடத் தவறவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் பார்க்க பானெட்டைத் திறந்தாள். பெட்ரோல் பம்ப்பின் மேல் ஒரு சாக்குத் துண்டு சுற்றிக் கிடந்தது. தொட்டாள். ஈரம்.

"இது இன்னாண்ணே?"

குமாரவேல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். "சூட்டுல பம்ப்புல பெட்ரோல் ஆவியாப் பூடும். பழைய வண்டிங்க எல்லாத்துக்கும் கீற வியாதிதான். ஈரச் சாக்கு போட்டா சரியாப் பூடும்."

"நின்னுச்சா?"

"நிக்கலாம் இல்ல. அதுக்குத்தான்." அவன் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான். "மைலேஜப் பத்திக் கேளேன். எதிர் வூட்டு வெற்றி இன்னா சொன்னான் தெரியுமா? உன் தங்கச்சி கால்ல வுழுந்தாவது அவன் அம்பாசிடருக்கு ஒண்ணு வாங்கித் தரணுமாம்."

அவன் சொன்னது பொய்யில்லை. பழைய பியட்டுகளுக்கு அந்த வியாதி உண்டு. ஆனால் இந்தக் கார் போன கத்திரி வெயிலில்கூட அப்படி நின்றதாக அவள் கேள்விப்பட்டதில்லை. இப்போது வானம் மூடிக்கிடக்கிறது. சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. இந்தக் குளிரில் எதற்கு ஈரச் சாக்கு? திரும்பி, வாசலில் நாற்காலி போட்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். எதையாவது சொல்லிக் கிண்டல் செய்கிறவர், கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். இமை ஆடிக்கொண்டிருந்தது.

கேட்டிருக்கலாம். "நெஜத்த சொல்லுங்க" என்று இரண்டு பேரையும் பிடித்து உலுக்கியிருக்கலாம். சாக்கைப் பம்ப்பின் மேலேயே வைத்துவிட்டு பானெட்டை மூடினாள். பிறகு, மூடியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

அடுத்து வந்த காற்றழுத்தத்தில் மழை விடாமல் அடித்தது. டயாலிசிஸ் நாளன்று தெருவில் முழங்கால் தண்ணீர். கார் இறங்க வழியில்லை. பொன்ராஜ் தண்ணீரே குடிக்காமல் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு பொழுதைக் கழித்தார். இரவு படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிந்தது. காலையில் தண்ணீர் வடிந்து பார்த்தபோது அவர் முகம் ஊதியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் பின்னால் ஹூக்காவில் கேட்கிற மாதிரி ஒரு சின்னக் கொப்புளிப்பு.

கீர்த்தி வேலைக்குப் போகவில்லை. கிளம்புகிற நேரத்தில் யார்டில் கூட வேலை செய்கிற ஜெரினா போன் செய்தாள்.

"கீர்த்தி, இன்னிக்கு எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் வந்துடாத. துறைமுக கேட்ல விடியக்காலைலருந்து சிஸ்டம் படுத்துடுச்சி. ஒரு வண்டி உள்ள போவல. லைன் எங்கியோ நிக்கிது."

"எதுவரைக்கும்?"

"எங்க கேமராவுல வால் தெரியல."

மணலி வழியில் சாலை தண்ணீருக்கு அடியில் இருந்தது. திருவொற்றியூர் உள்சாலையில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழி இல்லை. 108-ஐக் கூப்பிட்டால் அதுவும் இதே வரிசைக்குள்தான் வரவேண்டும். குணசுந்தரி வாசலில் நின்று, "நிறுத்தாம போங்கடா" என்றாள். அதைச் சொல்ல அவள் ஏன் நடுங்கினாள் என்று கீர்த்திக்கு அப்போது உறைக்கவில்லை.

எர்ணாவூர் தாண்டியதும் வரிசை பிடித்துக்கொண்டது. இடது பக்கம் கண்டெய்னர், வலது பக்கம் கண்டெய்னர், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. காருக்குள் வெளிச்சமே குறைந்துபோனது. நான்கு பக்கமும் இரும்புச் சுவர் எழுப்பிய ஒரு அறைக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. லாரிகள் ஒரு கார் நீளம் நகரும், நிற்கும். குமாரவேல் ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதித்தான். இன்ஜினின் சூடு காலடித் தகடு வழியாக ஏறியது. கீர்த்தி பின்சீட்டில் அப்பாவின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"கீர்த்தி" என்றார் பொன்ராஜ். "இந்த லைன் எனக்கு முன்னாடி போயி சேந்துரும் போல."

"பேசாத நைனா. மூச்ச வெச்சிக்கோ."

அப்போதுதான் இன்ஜின் நின்றது. குலுங்கவில்லை, இருமவில்லை. விளக்கை அணைத்த மாதிரி நின்றது.

குமாரவேல் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். பார்க்காமலே எடுத்தான். பானெட்டின் நெம்புகோலை இழுத்தான், இறங்கினான், சாக்கில் தண்ணீரை ஊற்றிப் பம்ப்பின் மேல் போர்த்தினான். பழகிப்போன கை. அதைப் பார்த்ததும் கீர்த்தி அப்பாவைச் சீட்டில் சாய்த்துவிட்டு இறங்கி ஓடினாள்.

"எத்தினி தடவ நின்னிருக்கு?"

அவன் பம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே."

"லாரி நடுவுல மாட்டிகினா நிக்கும். எல்லா தடவையும். கொஞ்ச நேரத்துல ஆறி எடுத்துகும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு கிளாஸுக்கும் போவாம மூலைல குந்திக்குவ. பம்ப்புதான் கீர்த்தி. உன்னுது இல்ல."

அவள் பம்ப்பைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது, மழைக் காற்றுக்கும் சாக்குக்கும் அது எப்போதோ குளிர்ந்துபோயிருந்தது. பிறகு நீலப் பெட்டியில் கை வைத்தாள். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டாள்.

எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. ஓடும்போது காற்று அடிக்கிறது, சமாளிக்கிறது. நின்று நின்று நகரும்போது சூடு உள்ளேயே ஊறி, போக வழியில்லாமல், டிரான்சிஸ்டர் கை விட்டுவிடுகிறது. குமாரவேல் சாக்கைப் போட்டுக் காத்திருக்கிறான். அந்தக் காத்திருப்பில் பெட்டி ஆறுகிறது. வண்டி கிளம்பியதும் சாக்குக்கு நல்ல பெயர் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு தடவையும் மருந்து பலித்திருக்கிறது. வியாதிதான் வேறு.

அவள் சாக்கைப் பிடுங்கிப் பெட்டியின் மேல் போட்டாள். ஆவி எழுந்தது. "சாவி போடு." சுற்றியது, பிடிக்கவில்லை. "மேலதான் ஆறுது. உள்ள ஆற நேரமாவும்ணே."

காருக்குள்ளிருந்து வந்த சத்தம் மாறியிருந்தது. கொப்புளிப்பு முன்னால் வந்துவிட்டது. மூச்சு அதன் பின்னால் வந்தது. பொன்ராஜ் முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் இருந்த லாரி நகர்ந்து இடைவெளி விழுந்தது. பின்னால் ஹாரன் கிளம்பியது. பின்லாரி கிளீனர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தள்ளுண்ணே, ஓரமாத் தள்ளு" என்றான். தள்ள ஓரம் எங்கே இருக்கிறது? வலது பக்க டிரெய்லர் அந்த இடைவெளிக்குள் மூக்கை நுழைக்கத் தொடங்கியது. அதன் பின்சக்கரங்கள் அப்பா உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவை ஒட்டி மெதுவாக உருண்டுவந்தன. குமாரவேல் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து டிரெய்லருக்கு முன்னால் நின்றான். "உள்ள பேஷண்ட் கீறார். ஏத்தினா என் மேல ஏத்து."

கீர்த்தி பிளக்கைப் பிடித்து இழுத்தாள். கல். ஸ்பேனரால் அடித்தாள். நீலச் சில்லு தெறித்தது, பிளக் அசையவில்லை. கெட்டுப்போனால் திரும்ப ஒரு வழி வேண்டும் என்று அவள்தான் வைத்தாள். அந்த வழியின்மேல் ரெசின் இறுகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவளும் அவள்தான்.

டாஷ்போர்டு அறையில் அப்பாவின் வலைக்கத்தி இருந்தது. சாவியை அணைத்துவிட்டு எடுத்துவந்தாள். பெட்டியிலிருந்து வெளியே வருகிற ஒயர்களெல்லாம் ஒரே நீலமாக இருந்தன, எது எது என்று தெரியவில்லை. பிளக்குக்குப் பொறி அனுப்புகிற இக்னீஷன் காயில் பக்கமிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள். இதுதானா? மறுபடி காயிலிலிருந்து தடவினாள். இதுதானா? மூன்றாவது தடவைக்கு விரல் தானாகப் போனது. பின்னால் அப்பா ஏதோ சொல்ல முயன்றார், வெறும் தண்ணீர்ச் சத்தம்தான் வந்தது. மறுபடி தடவாமல், கையில் இருந்த ஒயரை அறுத்தாள், பாயிண்ட்டுக்குப் போகிறதையும் அறுத்தாள்.

பல்லால் கடித்து உறையை உரித்தாள். பாயிண்ட்டுக்குப் போகிற ஒயர், காயிலிலிருந்து வருகிற ஒயர், டேப் சுற்றி ஒதுக்கிவைத்திருந்த, பாயிண்ட் தீயாமல் காக்கிற பழைய கண்டென்சரின் ஒயர். மூன்றையும் ஒன்றாக முறுக்கினாள். ஓடிப்போய் அவளே சாவியைத் திருப்பினாள்.

பிடித்தது. ஆனால் பழைய நடை இல்லை. கொழுத்த பொறிக்காக அவள் கூட்டிவைத்த பிளக் இடைவெளியைப் பழைய பொறியால் தாண்ட முடியவில்லை. நான்கு காலில் ஒன்றை ஊன்ற முடியாத நாய் மாதிரி இன்ஜின் நொண்டியது. குமாரவேல் ஏறி, டிரெய்லர் விட்ட வழியில் நுழைத்தான். வழி முழுவதும் முடுக்கிக்கொண்டே ஓட்டினான். வாயில் உப்பும் ரெசினும் கலந்த கசப்போடு, கீர்த்தி அப்பாவின் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவர் உதடு நீலமாக இருந்தது.

மதியத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்தார். பிழைத்துவிட்டார், ஆனால் இதயம் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறது என்றார். "இன்னும் கொஞ்சம் தாமதமா வந்திருந்தா நான் வேற பேச்சு பேசிக்கிட்டிருப்பேன். இனிமே ஒரு தடவைகூடத் தவறக் கூடாது. ஒரு மணி நேரம்கூட."

அவர் போன பிறகு இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவை உள்ளே கொண்டுபோன பிறகு காரிலிருந்து கழற்றி எடுத்த பெட்டி கீர்த்தியின் மடியில் இருந்தது.

"நைனாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"ம். அம்மாவுக்கும் தெரியும். உனக்குத்தான் சொல்ல வேணாம்னாரு. மொத மொதலா ஒண்ணு தைரியமாப் பண்ணிகீறா, அத்த ஒடச்சிராதன்னாரு."

அவள் பெட்டியின் விளிம்பில் தொங்கிய நீலச் சில்லை நகத்தால் சுரண்டினாள்.

"நீ அன்னிக்கே சொன்ன" என்றான் குமாரவேல். "சூடு எங்க போவும்னு."

"கேட்டேன். சொல்லல."

அவன் கையை நீட்டிப் பெட்டியைத் தொட்டான். உடனே எடுத்தான். வெட்டியெடுத்து இவ்வளவு நேரமாகியும் அதன் நடுவில் வெதுவெதுப்பு இருக்கிற மாதிரியே பட்டது.

அடுத்த டயாலிசிஸ் நாளில் வானம் வெளுத்திருந்தது. பிளக் இடைவெளியைக் கீர்த்தி பழைய அளவுக்குக் குறைத்திருந்தாள், பழைய ஜெட்டையும் புதுப் பாயிண்ட்டையும் போட்டிருந்தாள். பெட்டி வீட்டுப் பரண்மேல் கிடந்தது. கார் பழையபடி இருமிக்கொண்டும் புகைத்துக்கொண்டும் கிளம்பியது. குணசுந்தரி வாசலில் நின்று பெட்ரோல் வாடையை முகர்ந்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

எர்ணாவூர் தாண்டி வரிசை பிடித்துக்கொண்டது. நான்கு பக்கமும் இரும்பு எழுந்தது.

கீர்த்தி, "நைனா, தலகாணிய இப்டி வெச்சிக்கோ" என்று ஆரம்பித்தாள்.

"கம்முனு இரு" என்றார் பொன்ராஜ். கோபமாகச் சொல்லவில்லை. கடலில் மூடுபனிக்குள் பெரிய கப்பல் எந்தப் பக்கம் வருகிறது என்று காது கொடுக்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்திருந்தார். "கேளு."

மூன்று பேரும் கேட்டார்கள். லாரிகள் உறுமின. அதற்கு அடியில் அவர்களுடைய இன்ஜின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரே ஒரு இடத்தில், மூச்சு எடுக்க மறந்த மாதிரி, ஒரு துடிப்பு விட்டுப்போனது. விட்டுப்போனதா, இல்லை தனக்குத்தான் அப்படிக் கேட்டதா? இதுவும் அந்தப் பூட்டு மாதிரிதானா? அவள் நிமிர்ந்து, ஓட்டுகிறவர் பின்னால் பார்க்கிற கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடியில் குமாரவேலின் கண் அவளைப் பார்த்தது. அதில் சிரிப்பு இல்லை.

"எனக்கும் கேட்டுச்சி" என்றான்.